பங்குனிப் பௌர்ணமிக்கு ஒரு புள்ளி

8.4.79 ஞாயிறு

காலையிலேயே வெயில். குருத்தோலைப் பவனியில் செருப்பில்லாமல் நடந்து உள்ளங்கால் வெந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் காலண்டர். பௌர்ணமி வரும் வியாழக்கிழமை. பெரிய வியாழன். அன்று மாலை பூசை உண்டு.

போன வருஷம் பெரிய வெள்ளியன்று பௌர்ணமி. கோவிலில் பாடுகளின் வாசகம் பாடப் போனேன், ஆய்வுக்கு இறால் குஞ்சு பிடித்து எண்ண அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போகவில்லை. இறால் குஞ்சு வரைபடத்தில் எல்லாப் பௌர்ணமிக்கும் புள்ளி உண்டு, பங்குனிக்கு மட்டும் ஓட்டை. இந்த வருஷம் பிடித்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன். ஈஸ்டர் நாளைக் குறிப்பதே பௌர்ணமியை வைத்துத்தான், எந்த வருஷமும் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஞானோபதேச வகுப்பில் பையனாக ஒப்பித்தது. விலங்கியல் விரிவுரையாளருக்கு உறைக்க இத்தனை நாள்.

பிலோமினாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "தவக்காலம் பூரா ஒருசந்தி இருக்கீங்க. எந்த நாளுக்காக இருக்கோம்னு காலண்டரைப் பாக்கலியா?" பொண்டாட்டி என்றால் இப்படித்தான்.

9.4.79 திங்கள்

விடைத்தாள் கட்டு மூன்று. பாதிப் பேர் தவளையின் இதயத்தில் நான்கு அறை வரைந்திருக்கிறார்கள்.

ஆய்வு நெறியாளர் சாருக்கு டிரங்க் கால். ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி. இத்தனை வருஷ உழைப்பும் போச்சு. பங்குனி ஓட்டையைச் சொன்னேன்.

"அதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? மாசிக்கு ஒரு புள்ளி இருக்கு, சித்திரைக்கு ஒரு புள்ளி இருக்கு. நடுவுல ஒண்ணு வச்சுட்டுப் போங்க."

"எண்ணலியே சார்."

"ஆத்துத் தண்ணி வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

நல்ல மனிதர். இந்த வேலைக்கே அவர்தான் எனக்காகப் பேசினார். அதனால்தான் கஷ்டம். வியாழக்கிழமை வலை போடுகிறேன் என்றேன். வருஷம் வேறு என்று அடிக்குறிப்பு போட்டுவிடலாம். "உங்க இஷ்டம்" என்றார். குரலில் இஷ்டமில்லை.

வாங்க: பார்மலின், வலை தைக்க நூல், பிலோ.வுக்குத் தையல் ஊசி, மெழுகுவர்த்தி.

10.4.79 செவ்வாய்

கோவில் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். வியாழன் மாலை பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்தது போல், சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் நானும். "சாமியே உங்க பேரைச் சொல்லிட்டாங்க. மறுக்காதீங்க." மறுக்கவில்லை. மறுக்க மனசும் வரவில்லை.

கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வரும்போதுதான் குஞ்சுகள் கூடவே வரும், அதுவும் பொழுது சாயும் நேரத்தில். பூசையும் அப்போதுதான். பிலோ. அதற்குள் சீயக்காய், கால் தேய்க்கும் கல் எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். கழுவப்போகிற காலைக் கழுவிக்கொண்டு போவது எங்கள் பங்குக் கோவிலின் மரியாதை. போன வருஷம் ஒருவர் பாதத்துக்குப் பவுடர் போட்டு வந்தார்.

ஜெபித்தேன். பதில் வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

11.4.79 புதன்

புழுக்கம். ஆசிரியர் அறையில் தாவரவியல் தட்சிணாமூர்த்தி கேட்டார், "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" சொன்னேன். "இவ்வளவுதானா? எங்கிட்ட ஸ்கூட்டர் இருக்கு. நீங்க வலையை இழுங்க, நான் கோயில் வாசல்ல கொண்டுபோய் எறக்கிடுறேன்." பாதம் கழுவுவது பிரசங்கத்துக்குப் பிறகுதான். நம் சாமியார் சுருக்கமாகப் பேசுகிறவர் இல்லை. நடக்கும். நிச்சயம் நடக்கும். ராத்திரி வலையைத் தைத்து முடித்தேன்.

12.4.79 வியாழன்

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன்.

முழங்கால் வரை சேறு. முதல் இழுப்பில் வலை சிப்பியில் மாட்டிக் கிழிந்தது. கரையில் த.மூ. கிழிசலை ஊசியால் இழுத்துக் கட்டினார். இந்தப் பக்கம் சூரியன் இறங்க, அந்தப் பக்கம் கடலிலிருந்து சந்திரன். மறுபடி இழுத்தேன். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கண்ணாடித் துணுக்குகள் துள்ளுகின்றன. கத்திவிட்டேன். பார்மலின் ஊற்றி மூடி, ஓட்டம்.

நான் உள்ளே நுழையும்போது சாமியார் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டிருந்தார். பதினோரு பேரும் உட்கார்ந்தாயிற்று. பக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா தாத்தா, பாதம் பளிங்கு மாதிரி. என் காலில் சேறு காய்ந்து விரல் தெரியவில்லை. பெண்கள் பக்கம் பிலோ. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சாமியார் மண்டியிட்டுப் பார்த்தார். ஒரு செம்பு ஊற்றினார், போதவில்லை. இன்னொன்று. தாம்பாளம் கறுத்துவிட்டது. உபதேசியார் வாளித் தண்ணீருக்கு ஓடினார். சாமியார் விரலிடுக்கில் கைவிட்டுத் தேய்த்துக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்யா நான் காலைக் கழுவுறேன்" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெட்கம் துளியும் இல்லை.

13.4.79 வெள்ளி

உபவாசம். சிலுவைப் பாதை. பாட்டில் அலமாரியில். உயிர்ப்பு ஞாயிறு முடியும்வரை தொடுவதில்லை. என் மேலேயே நம்பிக்கை போதாமல் சாவியைப் பிலோ.விடம் கொடுத்துவிட்டேன்.

14.4.79 சனி

வருஷப்பிறப்பு. த.மூ. வீட்டுப் பாயசம் தூக்குவாளியில் வந்தது. பாஸ்கா பூசை முடியட்டும் என்று மூடி வைத்திருக்கிறது. இரண்டு முறை சாவி கேட்டேன். "போங்க அங்கிட்டு" என்றாள்.

16.4.79 திங்கள்

விடிந்ததும் ஆய்வகம். நுண்ணோக்கியில் குனிந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. எண்ணினேன். நம்பாமல் திரும்ப எண்ணினேன். வரைபடத்தில் வைத்தேன். மாசிக்கும் சித்திரைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது, சார் சொன்ன அதே இடம்.

நுண்ணோக்கிக்கு உறை போட்டேன். பிறகு தபால் நிலையம், டிரங்க் கால்.

"நாற்காலியில உக்காந்தபடியே சொன்னேன்ல? வீணா சேத்துல எறங்கினீங்க."

"ஆமாங்க சார்."

சாருக்குப் பெருமை. எனக்கு அதைவிடச் சந்தோஷம், அவருக்குப் புரியவைக்க முடியாது. வாசலில் ஸ்கூட்டரோடு த.மூ. அவரிடமும் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப அன்னைக்கு அவ்வளவு ஓட்டம் எதுக்குங்க?"

"எண்ணிட்டேன்ல" என்றேன்.