வாசனையில்லாத குளிர்

டிசம்பர் 22, 2022

இன்று பணிமனையில் மானம் போனது.

நேற்றிலிருந்து கலிஃபோர்னியா முழுக்க மெந்தால் சிகரெட், அதாவது புதினாக் குளிர் சேர்த்தது, விற்கக் கூடாது என்று சட்டம். முப்பத்தொரு வருடமாகப் பச்சைப் பெட்டியைத் தவிர வேறு எதையும் தொடாதவன் என்ன செய்வான்? சாதா சிகரெட் ஒரு பெட்டி வாங்கினேன். அதற்குள் நாலு இருமல் மிட்டாயைப் போட்டு, வாசனை ஏறட்டும் என்று காரில் ஹீட்டர் காற்று வரும் இடத்தில் வைத்தேன். பத்து நிமிடம் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான் ஓக்லண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வைத்துக்கொண்டு வந்தேன். மிட்டாய் உருகி, இருபது சிகரெட்டும் ஒரே கட்டையாக ஒட்டிக்கொண்டது. டயர் கழற்றும் இடத்தில் நின்று ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருந்ததை கூட வேலை செய்யும் லமாண்ட் பார்த்துவிட்டான்.

"எல்லாரும் ஓடியாங்கடா! டெல்பர்ட் அண்ணன் பிரசவம் பாக்குறாரு!"

ஐம்பத்து நாலு வயது. பஸ் சக்கரத்தைத் தனியாளாகக் கழற்றுவேன். ஒரு சிகரெட்டைப் பிரிக்க முடியவில்லை.

சாயந்திரம் மகள் கெசியா பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வயதாகிறது, இன்னும் சின்னப் பிள்ளை மாதிரிதான். "சட்டம் வந்ததும் நல்லதாப் போச்சு டாடி. விட்டுடுவீங்கல்ல?"

"விட்டாச்சும்மா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

ஜனவரி 1, ஞாயிறு

காலை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். கெசியா எழுந்தாள். "பத்து வயசுலேருந்து இதுக்காக ஜெபம் பண்ணினேன். எங்க அப்பா சிகரெட்ட விட்டுட்டாரு" என்றாள். சபை முழுக்கக் கைதட்டல். "சகோதரர் டெல்பர்ட், எழுந்து நில்லுங்க!" என்றார் போதகர். நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். வாசலில் ஆட்களுக்கு இடம் காட்டும் ஊழியம் என்னுடையது. வெள்ளைக் கையுறை போட்ட கையை உயர்த்திக் காட்டினேன். பாடகர் குழுவிலிருந்து என் மனைவி வெர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

முடிந்திருந்தால் அப்படியே தரைக்குள் புதைந்திருப்பேன்.

ஜனவரி 9

மூலைக்கடைக்காரன் சாலே புதுப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினான். அதே பச்சை நிறம். மெந்தால் என்ற எழுத்து மட்டும் இல்லை.

"மெந்தால் இல்ல மாமா. புதினா வாசனையும் இல்ல. ஆனா குளிரும்."

"அது எப்படிடா?"

"என்னைக் கேட்டா? நான் சாண்ட்விச் போடுறவன்."

காரில் உட்கார்ந்து பற்ற வைத்தேன். குளிர் இருந்தது. தொண்டைக்குப் பின்னால் யாரோ ஜன்னலைத் திறந்து விட்ட மாதிரி. ஆனால் மூக்கில் ஒன்றுமே வரவில்லை. ஆளில்லாத வீட்டில் விளக்கு மட்டும் எரிந்தால் எப்படி இருக்கும், அப்படி. எதைக் கலந்திருக்கிறார்கள்? இல்லை, என் மூக்குதான் செத்துவிட்டதா? கொரோனா வந்தபோது வெர்லீனுக்கு இரண்டு மாதம் எந்த வாசனையும் தெரியவில்லை. அது என்னையும் பிடித்துவிட்டதோ?

வீட்டுக்கு வந்து அவள் கைப்பையில் இருக்கும் புதினா மிட்டாயை மோந்து பார்த்தேன். வாசனை நன்றாகத் தெரிந்தது. அந்த நிம்மதியில் இன்னொரு தரம் இழுத்து மோந்தபோது அவள் வந்துவிட்டாள்.

"என் பையில என்ன தேடுறீங்க?"

"மிட்டாய்."

"அத மூக்காலயா தேடுவாங்க?"

ஜனவரி 12

கெசியா தினமும் என் காலரை மோந்து பார்க்கிறாள். "புதினா இல்ல!" என்று சிரிக்கிறாள். புகை வாசனை பக்கத்தில் நின்று ஊதும் லமாண்டுடையது என்று நினைக்கிறாள். அவன் என்றைக்கும் சாதா பிடிக்கிறவன். என்னைக் காட்டிக்கொடுத்தது எப்போதும் புதினாதான். இப்போது அது இல்லை.

பிப்ரவரி 3

இன்று நடந்ததை எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

பணிமனையில் ஒரு மாதமாக இதே பஞ்சாயத்து. புதுப் பெட்டியில் புதினா மணக்கிறது, பழையதேதான் என்று பர்னெல் சத்தியம் செய்கிறான். அவனும் என்னைப் போல மெந்தால் ஆள். "குளிர் உண்டு, மணம் இல்லை" என்பது என் கட்சி. லமாண்டைக் கேட்டால் நாங்கள் இரண்டு பேருமே பைத்தியம். இன்று மதியம் அவன் பச்சைப் பெட்டியை நீட்டி ஆளுக்கொன்று கொடுத்தான். பர்னெல் கண்ணை மூடி இழுத்தான்.

"ஆஹா! இதுதாண்டா குளிரு. நெஞ்சு வரைக்கும் எறங்குது பாரு!"

லமாண்ட் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "அது என்னோட சாதா சிகரெட்டுடா மடையா! பெட்டி மட்டும்தான் பச்ச!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். ஏனென்றால் எனக்குக் குளிரவில்லை. எரிந்தது. சாதா பிடித்தால் தொண்டை முழுக்க எரியும் என்பார்கள். எனக்கு ஒரே இடத்தில் எரிந்தது. இடது பக்கம், உள்ளே கீழே, ஒரு முள் குத்தியிருக்கிற மாதிரி.

பிப்ரவரி 4

சோதித்துப் பார்த்தேன். சாதா ஒன்று: அதே இடம். புது குளிர் ஒன்று: ஒன்றும் இல்லை. மறுபடி சாதா: அதே இடம்.

அப்படியென்றால் குளிர் அதை ஆற்றவில்லை. மறைக்கிறது. எத்தனை நாளாக? பழைய மெந்தாலும் மறைத்துக்கொண்டுதான் இருந்ததா — எத்தனை வருடமாக?

பிப்ரவரி 6

சாதா சிகரெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். குளிர் மட்டும்தான் இனி. ஒன்றுக்கு இரண்டாகப் பிடிக்கிறேன், அந்த இடம் தெரியாமல் இருக்க. எவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

பிப்ரவரி 27

குரல் கட்டி மூன்று வாரம் ஆகிறது. "தவளையை முழுங்கிட்டீங்களா?" என்றாள் வெர்லீன். சளி என்றேன். இஞ்சியும் எலுமிச்சையும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். குடித்தேன். அந்த இடத்தில் எரிந்தது. "நல்லா இருக்கு" என்றேன்.

மார்ச் 7

ஒரு கல்லூரியில் ஆராய்ச்சியாம். சட்டத்துக்கு முன்னால் மெந்தால் பிடித்தவர்கள் வேண்டுமாம். துண்டுத்தாளைப் பர்னெல் கொடுத்தான். நான் போனதற்குக் காரணம் வேறு. படித்தவர்கள் யாராவது "எல்லோருக்கும் அப்படித்தான் எரியும்" என்று சொல்லமாட்டார்களா?

சின்ன அறை, புகை இழுக்கும் விசிறி. மிஸ் டுவாங் என்று ஒரு பெண், கெசியாவை விட நாலைந்து வயது கூட இருக்கும். பெயரில்லாத வெள்ளைச் சிகரெட்டுகள் ஐந்து. ஒவ்வொன்றையும் பிடித்துவிட்டு, எவ்வளவு குளிர், எவ்வளவு புதினா என்று கோட்டில் குறிக்க வேண்டும். பிறகு வாயும் தொண்டையும் வரைந்த படத்தில் எங்கே உறுத்துகிறது என்று ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். ஐந்தையும் முடித்துத் தாள்களைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கூட இவ்வளவு ஒழுங்காகப் பரீட்சை எழுதியதில்லை.

அவள் தாள்களைப் புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"சார், எல்லாத்துலயும் ஒரே எடத்துல போட்டிருக்கீங்க."

"அங்கதாம்மா எரியுது. குளிரா இருந்தா கொஞ்சம் கம்மி."

"இந்த மொதத் தாள் சிகரெட் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி குடுத்தது சார். இதுலயும் அங்கதான் இருக்கு."

தாளை வாங்கிப் பார்த்தேன். என் குறிதான்.

"நான் டாக்டர் இல்ல சார். ஆனா நீங்க டாக்டரப் பாக்கணும். இந்த வாரமே."

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது, மூடியைக் கடித்துப் பிய்த்திருக்கிறேன்.

மார்ச் 8

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 21

மூக்கு வழியாகக் கேமரா. திரையில் என் குரல்வளை. இடது பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. நான் குறி போட்ட அதே இடம். சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் உதடு அசைவதுதான் தெரிந்தது.

மார்ச் 30

புற்றுநோய்.

எழுதிப் பார்த்தால் பயம் குறையும் என்று எழுதினேன். குறையவில்லை.

ஆரம்ப நிலைதானாம். லேசரால் எடுத்துவிடலாமாம். குரல் பழைய மாதிரி இருக்காது. வெட்டிய இடத்தின் ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்று பிறகுதான் தெரியும்.

வெர்லீனிடமும் கெசியாவிடமும் சொன்னேன். வெர்லீன் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். கெசியா அழுதுகொண்டே, "நல்லவேள டாடி, டிசம்பர்லயே விட்டீங்க" என்றாள். சட்டைப் பையில் பெட்டி இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 11

வியாழக்கிழமை ஆப்பரேஷன். இன்று மயக்க மருந்து டாக்டர் கேள்வி கேட்டார். பொய்ப்பல் உண்டா? ஒவ்வாமை உண்டா? கடைசி சிகரெட் எப்போது?

எனக்கு முன்னால் கெசியா பதில் சொன்னாள். "டிசம்பர் இருபது சார். சட்டத்துக்கு முந்தின நாள். எங்க சபையே சாட்சி."

அவர் எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா ஓடுவதைப் பார்த்தேன். தப்பான தேதியை நம்பி மருந்து கொடுத்து, நான் எழுந்திருக்காமலே போய்விட்டால்? இத்தனை நாள் வெட்கம் பெரிதாக இருந்தது. இன்று பயம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது.

"நேத்து காலைல" என்றேன். "பார்க்கிங்ல."

டாக்டர் கோடு போட்டு அடித்துவிட்டு மாற்றி எழுதினார். கெசியா எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது காபி ஒன்று கொண்டுவந்தாள். அவளுக்கு மட்டும்.

வீடு வரை காரை அவள்தான் ஓட்டினாள். வாசலில் என்ஜினை நிறுத்தியபின் சொன்னாள்: "அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு சாட்சி சொன்னேன் டாடி."

"தெரியும்மா."

"புதினா வாசன இல்லன்னு தெனமும் சந்தோஷப்பட்டேன். நாய் மாதிரி மோந்து மோந்து பாத்துட்டு."

சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 14

உயிரோடு இருக்கிறேன். பத்து நாள் பேசக் கூடாது. வெர்லீன், "கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல கர்த்தர் எனக்குக் குடுத்த ஓய்வு" என்று சபைக்கே போன் பண்ணிச் சொல்கிறாள். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். எனக்குக் கேட்கிறது.

ஏப்ரல் 19

ஓரங்களின் முடிவு இன்னும் வரவில்லை. போன் அடித்தால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். இதுவரை வந்ததெல்லாம் கார் இன்சூரன்ஸ் விற்கிறவர்கள்.

ஏப்ரல் 24

ஓரங்கள் சுத்தமாம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கேமரா வைத்துப் பார்ப்பார்கள். சிகரெட்டைத் தொட்டுப் பதினாலு நாள். இந்த எண்ணிக்கை உண்மை.

இன்று பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெர்லீன் பதிவு செய்ய போனை நீட்டினாள். பத்து நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைக் கெசியாவைப் பார்த்துச் சொன்னேன்.

"மன்னிச்சுடும்மா."

அது என் குரலே இல்லை. துருப்பிடித்த இரும்பை இழுக்கிற சத்தம்.

கெசியா போனை வாங்கிப் பதிவை நிறுத்தினாள். பிறகு, "பஸ் மெக்கானிக்தானே, இந்த பிரேக்கையும் கொஞ்சம் பாருங்க" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலரை மோக்கவில்லை.

"டாடி, ஆப்பரேஷன் முடிஞ்ச அன்னிக்கு நான் ஐஸ் துண்டு ஊட்டினேன்ல? அப்ப கண்ண மூடிக்கிட்டீங்களே. ரொம்ப வலிச்சுதா?"

"இல்லம்மா. இதமா இருந்துச்சு."

பொய்யில்லை. அவளிடம் சொல்லாதது ஒன்றுதான். அந்தக் குளிர் தொண்டையில் இறங்கிய நொடியில், கண் சரியாகத் திறக்கும் முன்பே, என் வலது கை போர்வைக்கு அடியிலிருந்து வெளியே வந்து நெஞ்சின் இடது பக்கம், பெட்டி இருக்கும் இடத்துக்குப் போனது. தடவித் தடவிப் பார்த்தது. ஆஸ்பத்திரி அங்கியில் பை இல்லை.