பொதுத்தாளில் விழுந்த ராஜினாமா

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது, உன் நலமும் உன் வீட்டுக்காரி நலமும் கேட்கிறேன். பெரிய பாலம் வெள்ளத்தோடு போன வருஷம், நீ அம்மா வயிற்றில் ஏழு மாசம், நான் பள்ளிக்கூட லேபில் பாட்டில் கழுவும் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். அதை ஏன் இப்போது இழுக்கிறேன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் இவள் சேதி.

இவள் டீச்சராகி மூணு மாசம் ஆகிறது. புது அறிவியல் டீச்சர்கள் நாற்பது பேரைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தாள், ஒருத்தர் எழுத எழுத மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஓரத்தில் பதிலும் போடலாம். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனாலும் ஆளுக்கொரு நிறத்தில் சின்னக் கோடு ஓடுவதை வாய் பிளந்து பார்ப்பேன். போன வெள்ளிக்கிழமை இலையில் மாவுச்சத்து இருப்பதைக் காட்டப் போயிருக்கிறாள். அயோடின் விட்டால் இலை நீலமாக வேண்டுமாம், ஆகவில்லை. "மேஜிக் முடிஞ்சுதா மிஸ், கை தட்டலாமா" என்று பிள்ளைகள் கேட்டார்களாம். வீட்டுக்கு வந்தவள் பையை வீசிவிட்டு, இனிமேல் போகமாட்டேன் என்று ராஜினாமா அடிக்க உட்கார்ந்தாள். அவசரத்தில் தன் தாள் என்று நினைத்துப் பொதுத்தாளிலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டாள். முடிப்பதற்குள் கலர் கலராகக் கோடுகள் ஓடி வந்துவிட்டன. ஒருத்தர் தன் வகுப்பில் திரைச்சீலை பற்றி எரிந்த கதையை எழுதினார். ஒரு அம்மா மட்டும் செடி எங்கே இருந்தது என்று கேட்டார். ஆசிரியர் அறை அலமாரிக்குள்ளே, ரெண்டு நாளாக என்று இவள் எழுத, "ரெண்டு நாள் பட்டினி போட்டுட்டு அதுகிட்டப் போய் சோறு எங்கேன்னு கேட்டா எப்படி டீச்சர்?" என்று வந்தது பதில். அழுதுகொண்டே சிரித்தாள். ராஜினாமாவை யாரோ அழித்துவிட, அதே இடத்தில் திங்கட்கிழமைப் பாடத்தை எல்லோருமாக எழுதினார்கள். அன்றைக்கு வெயிலில் நின்ற செடியைக் கொண்டுபோனாள், இலை கருநீலமாகிவிட்டது. "முகம் தெரியாதவர்கள் அப்பா, முகம் தெரியாதவர்கள்!" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

பாலம் போன வருஷம் எங்கள் லேபுக்கும் ஒரு புது டீச்சர் வந்தார். அவருக்கும் ஒரு பரிசோதனை கை கொடுக்கவில்லை. பக்கத்து மேஜைகளில் மூணு வாத்தியார்கள், ஒருத்தரும் தலை நிமிரவில்லை. மறுநாள் ஒரு உறையை நீட்டி, ஹெட்மாஸ்டர்கிட்ட கொடுத்துடுங்க என்றார். உள்ளே என்னவென்று எனக்கு என்ன தெரியும், ஓடிப்போய்க் கொடுத்தேன். அதோடு அவர் வரவே இல்லை. இதைச் சொன்னதும் உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டாள், எழுதம்மா என்று அதட்டிய பிறகுதான் எழுதுகிறாள்.

ரெண்டு பேரும் மனசு நிறைந்து வாழுங்கள். கண்ணாடி மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? வேலையில் தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாதே. அந்த ஹெட்மாஸ்டர் போய்விட்டார், மூணு வாத்தியார்களும் போய்விட்டார்கள், அந்த டீச்சரும் போன வருஷம் தவறிவிட்டாராம்.

இப்படிக்கு,
உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தவன், அவர்களில் மிச்சமிருக்கும் ஒரே ஆள்,
உன் அப்பா.