துப்பாக்கி இல்லாமல் வேட்டைக்கு வந்த உன் மாமா

விஸ்கான்சின்
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நாயும் சுகம், மூன்று பேரிலும் நாய்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கொரியாவில் நீயும், நீ காவல் நிற்கிற அந்த ராணுவ முகாம் வாசல் கதவும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் சொல்கிறேன். நான் போட்ட புளித்த முட்டைக்கோசைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய கழுதை நீ, இப்போது அங்கே அதையே மிளகாய்ப்பொடி போட்டுத் தட்டுத் தட்டாகத் தின்பதாக எழுதியிருக்கிறாய். எழுதினாய் என்று எதைச் சொல்ல, அதுவும் போனில் வந்த ஒரு வரிதான். ஆகஸ்டில் என்னிடம் கத்திவிட்டுப் போனை வைத்தவள் அதற்குப் பிறகு ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. அப்பா அதை எடுத்து எடுத்துப் படித்தார், நீளம் கூடுமா என்று பார்த்தார் போல.

சரி, கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு இதைக் கடைசிவரை படி. சொந்தத் தம்பியைப் போலீசில் காட்டிக்கொடுத்தாயா என்று கேட்டாய். ஆமாம், கொடுத்தேன். பத்தாவது தாண்டாதவள் நான், சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையை வாங்கிய புது முதலாளி உன் வெண்டல் மாமாவை வேலையை விட்டு நிறுத்தினது உனக்குத் தெரியும். அவன் பொண்டாட்டி போன வருஷமே போய்விட்டாள். ஒரு நாள் மதியம் நம் சமையலறையில் உட்கார்ந்து காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் வருஷா வருஷம் ஏரிக்கரையில் கூடிச் சாப்பிடுவார்களே, அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. அன்றைக்கு எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், டிவியில் பார்ப்பீர்கள் என்றான். நான் வழக்கம்போல, டேய், நீ குறி வைத்தால் களஞ்சியத்துச் சுவரில்கூடப் படாது என்றேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பால் குடி மறக்காத காலத்திலிருந்தே நான் ஒன்று சொன்னால் அவன் இரண்டு திருப்பிக் கொடுப்பான். எங்கள் அப்பாவைப் புதைத்த அன்றைக்குக்கூட என் தொப்பியைப் பார்த்து, காக்கா கூடு கட்டியிருக்கிறதே என்று சொன்னவன். ஆனால் அந்த மதியம் அவன் ஒன்றுமே திருப்பிச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான், கோப்பையைக் கழுவி வைத்தான், போய்விட்டான்.

உன் அப்பாவிடம் சொன்னேன். துக்கத்தில் பேசுகிறான், ஆறிவிடும், மனுஷன் வாயில் வந்ததுக்கெல்லாம் போலீசா என்றார். ஆனால் வசந்த காலத்தில் மாதா கோயிலின் கீழ் அறையில் ஷெரிப் ஆபீசிலிருந்து போலீஸ்காரி மார்லிஸ் வந்து பேசினாளே, அது என் காதிலேயே நின்றது. கூட்டத்தில் புகுந்து சுடப் போகிறவர்களில் நிறையப் பேர் முன்னாலேயே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்களாம், கேட்டவர்கள் நம்பாமல் விட்டுவிடுகிறார்களாம். கேட்டவள் நான்தானே மகளே. மறுநாள் காலையில் மார்லிசைக் கூப்பிட்டேன்.

அவள் விலங்கும் சங்கிலியுமாகப் போகவில்லை. அவன் வீட்டு முற்றத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மதியம்வரை பேசினாள். மிரட்டல் என்று வழக்குப் போடுகிற அளவுக்கு அவன் பேச்சில் பிடி இல்லையாம், துப்பாக்கிகளை எடுத்துப்போக அவளுக்குச் சட்டமும் இல்லையாம். ஆனால் மனசு சரியில்லாதவர்களுடையதை ரோலண்ட் தன் துப்பாக்கிக் கடையின் பின்னறையில் பூட்டி வைத்துக்கொள்கிறான், அவர்களாகக் கொடுத்தால். அதைக் கேட்கிற வேலை எனக்கு வந்தது. நம் ஊரில் ஒரு ஆண்பிள்ளையிடம் துப்பாக்கியைக் கொடு என்று கேட்பதற்கு அவன் பல்லைக் கழற்றிக் கொடு என்று கேட்டுவிடலாம். வெண்டல், யாரையாவது கொல்ல நினைத்தாயா, இல்லை உன்னையேவா என்று நேராகவே கேட்டேன். துப்பாக்கி அலமாரிச் சாவியை முற்றத்து ஜல்லியில் விட்டெறிந்தான்.

"எடுத்துட்டுப் போ அக்கா. அதோட சரி. இனிமே இந்தப் படி ஏறாத."

பனிமனிதன் படம் போட்ட உன் பழைய படுக்கை விரிப்பில் சுற்றித்தான் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். அது மட்டும்தான் வண்டியில் கிடந்தது. அதில் உன் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு மாமா வாங்கித் தந்த சின்னத் துப்பாக்கியும் இருந்தது. ரோலண்ட் விரிப்பைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், சிரிக்கவில்லை. இந்த வருஷம் ஏரிக்கரைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். நீ என்ன சொன்னாலும் சரி, இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவன் என்னிடம் பேசவில்லை, நீயும் பேசவில்லை. என்னைப் போன்ற வாயாடிக்கு இதைவிடத் தண்டனை உண்டா. உருளைக்கிழங்கும் இறைச்சியும் சுட்டு அவன் வாசலில் வைத்துவிட்டு வருவேன், படி ஏறாமல் கீழேயே. பாத்திரம் கழுவித் திரும்பி வரும், பேச்சு வராது. ஆனால் வாரா வாரம் அப்பாவின் வண்டியில் ஏறி டாக்டரிடம் போனான். அக்டோபரில் மரக்கடையில் வேலை கிடைத்தது. டாக்டரிடம் போகிற வழியில் வானொலிப் பாட்டு மட்டம் என்று மாமா சொன்னதாக அப்பா வந்து சொன்னால், அன்றைக்கு நான் விசேஷமாகச் சமைப்பேன்.

இடையில் டிவியில் ஒரு ஓய்வுபெற்ற தளபதி வந்தார், மார்பெல்லாம் பதக்கம். இந்தக் கூட்டக் கொலைகளைப் போலீஸ் விஷயம் என்று ஒதுக்கக்கூடாது, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கடைக்கும் ஜனங்கள் பயந்து போகிற நாடு காவலில்லாத நாடு, எல்லைக்குக் கொடுக்கிற கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு அது சரி என்றே பட்டது. நீ அங்கே வாசலில் நிற்கிறாய், வருகிறவன் வெளியாள். இங்கே வருகிறவன் நம் மேஜையில் காப்பி கலக்குகிறவன், அவன்மேல் பாசமும் இருக்கிறது, அதுதான் கஷ்டம். அப்படியானால் நானும் ராணுவம்தானே, சம்பளம் எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். நாயைக் குளிப்பாட்டு, பதக்கம் தருகிறேன் என்றார்.

இப்போது நல்ல சேதிக்கு வருகிறேன். மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம் காட்டுக் குடிசையில் நாங்களும் ரோலண்டும் சாப்பிட உட்கார்ந்தோம். கதவு திறந்தது, உன் மாமா. வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தான், கை வெறுங்கை. உட்கார்ந்தான். ரோலண்ட் மெதுவாகச் சொன்னான், டாக்டர் சரி என்று சொன்னதால் உன் துப்பாக்கியைக் கொண்டுவந்திருக்கிறேன், வண்டியில் இருக்கிறது, வேண்டுமென்றால் இப்போதே தருகிறேன் என்று. எல்லாரும் தட்டைப் பார்த்தோம். மாமா வாயில் இருந்ததை மென்று முடித்தான்.

"இந்த வருஷம் உன்கிட்டயே இருக்கட்டும் ரோலண்ட். நான் விரட்டுறேன்."

மானை விரட்டிவிட வெறுங்கையோடு புதரில் நடப்பது சின்னப் பையன்கள் வேலை, உனக்குத் தெரியாததா. அவன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அப்புறம் என் ரொட்டியை எடுத்து மேஜையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"அக்கா, இதை விட்டெறிஞ்சாலே மான் விழுந்துடும். தோட்டா எதுக்கு?"

அடுப்புப் புகை கண்ணில் பட்டது என்று சொல்லி வெளியே போய் நின்றேன். அடுப்பில் புகையே இல்லை என்று அப்பா எல்லாருக்கும் சொல்லிவிட்டார். மறுநாள் மாமா நாள் முழுக்க முள்ளிலும் சேற்றிலும் நடந்து மூன்று மானை அப்பா பக்கம் விரட்டினான். அப்பா மரத்து மேல் கட்டிய பரணில் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது மாமா உன்னைப் பற்றிப் பேசினான். உன் சின்னத் துப்பாக்கியை ரோலண்டிடமிருந்து நீயே வந்து வாங்க வேண்டுமாம். "அவ லீவுல வரட்டும். அவ துப்பாக்கியோட நிக்கட்டும், நான் விரட்டுறேன். இப்படியே சொல்லிடு" என்றான், சொல்லிவிட்டேன்.

உன் கோபம் தீர்ந்ததோ இல்லையோ, காலுக்கு ஈரமில்லாத காலுறை போடு, குளிரில் காவல் நிற்கும்போது தலையை மூடு. கூட நிற்கிறவர்களில் யாராவது திடீரென்று பேச்சைக் குறைத்தால் பக்கத்தில் போய் உட்கார், நேராகக் கேள். ஆண்டவன் உன் கூடவே நிற்கட்டும், உனக்கு முன்னால் அவர் கண் விழிக்கட்டும். மாமாவுக்குக் கட்டாயம் எழுது. நலமா என்று மட்டும் கேட்டு எழுதாதே, நன்றாகத் திட்டி எழுது. அவன் திருப்பி எழுதுவான் பார்.

சம்பளமில்லாத சிப்பாய்,
உன் அம்மா டார்லா