வாடிக்குப் போன துவக்கு

வயல் வாடி,
2024.12.08

முனவ்வறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த வாடிக் குடிசையில் நான் சுகம். நீயும் மகள் பஸ்மிலாவும் பேத்தி ஸப்னாவும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

போனில் கதைத்தால் உன் குரல் குளத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை. நான் "என்ன, என்ன" என்று கத்த, நீ கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ட்ரக்டர் நளீம் கிழமைக்கு ஒருமுறை சாய்ந்தமருதுக்கு வருகிறான். பதிலை அவனிடம் கொடு.

வெள்ளம் வடிந்து பயிர் நிமிர்ந்துவிட்டது. காலையில் பனிமூட்டம் வயல் முழுவதையும் மூடிக்கிடக்கும். வரம்பில் நடந்தால் என் கால் எனக்கே தெரியாது. மேகத்துக்கு மேல் போகிற மாதிரி இருக்கும். காது மந்தமான பிறகு கொக்கு எழும்புவதும் ட்ரக்டர் வருவதும் சத்தமில்லாமல்தான் நடக்கின்றன. யானை வந்தால் மட்டும் உள்ளங்காலில் தெரியும். நிலம் மெல்ல மூச்சு விடும்.

உன்னில் கோபமில்லை. வீடு உன் உம்மா சீதனமாகத் தந்தது. "இந்தத் துவக்கு இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது" என்று யானைக்கு வெடி வைக்கிற என் துவக்கைக் காட்டி ஒக்டோபரில் சொன்னாய். துவக்கு போனால் நானும் போவேன் என்றேன். நீ மறிக்கவில்லை. ஸப்னா கட்டிலுக்கு அடியில் புகுந்து விளையாடுகிற வயது, அதற்காகத்தான் என்று விளங்கிக்கொண்டேன்.

இப்போது அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டுமானால் ஜனவரி 31க்கு முன் துவக்கைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம். பரிசீலித்துவிட்டுத் தருவார்களாம்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்திலும் இப்படித்தான் சொன்னார்கள். "பாதுகாப்பு எங்கட பொறுப்பு" என்று துவக்கை வாங்கிக்கொண்டு ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். பதினெட்டாம் நாள், என் மூத்தவர் சரீப் காக்கா இதே வயலில் சூடடித்துக்கொண்டிருந்தபோது ஆயுதத்தோடு ஆட்கள் வந்தார்கள். நான் வாய்க்காலுக்குள் படுத்திருந்தேன். என் சட்டைப்பையில் அந்தத் துண்டு இருந்தது. பாதுகாப்புத் தருகிறோம் என்றவர்கள் மறுநாள் மத்தியானம்தான் வந்தார்கள். இரண்டு வருஷம் கழித்துத் துவக்கைத் திருப்பித் தந்தார்கள். காக்காவை யார் தருவது?

இனி ஒருமுறை கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. இந்த நாட்களில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. வாசலில் வெள்ளையாக ஓர் உருவம். நான் துவக்கை நீட்டுகிறேன். அது ஒன்றும் செய்யாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறது. எழும்பினால் உடம்பெல்லாம் வேர்வை. காக்காவாக இருக்குமோ என்று நினைத்து யாஸீன் ஓதுகிறேன்.

உன்னுடைய,
ஆதம்பாவா

*

சாய்ந்தமருது,
2024.12.15

அன்புள்ள மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், எனக்கு ஒரு கடிதம் எழுதினீர்களா? இப்போதாவது எழுதினீர்களே.

நளீமிடம் பொரித்த கீரி மீனும் சீனிச் சம்பலும் கொடுத்துவிடுகிறேன். சம்பலை அவனுக்கும் கொடுங்கள், முழுதையும் நீங்களே தின்று நெஞ்செரிகிறது என்று எழுத வேண்டாம். ஸப்னா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு "மூத்தாப்பா எப்ப வருவாரு?" என்று கேட்கிறாள். யானைக்குச் சோறு வைக்கப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

துவக்கைக் கொடுத்துவிடுங்கள் மச்சான். சரீப் மச்சானை மறந்து சொல்லவில்லை. அவருடைய மையித்தைக் கொண்டுவந்து வைத்தது என் வீட்டு முற்றத்தில்தான். ஆனால் இன்று வயலுக்கு வருவது யானை மட்டும்தானே? கடிதம் வந்தும் கொடுக்காமல் வைத்திருந்தால் அது களவுத் துவக்கு ஆகிவிடும். இந்த வயதில் உங்களைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றுவதைப் பார்க்க என்னால் முடியாது.

அந்தக் கனவைப் பற்றிக் கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். எப்போதிருந்து வருகிறது? அது உட்காரும்போது ஏதாவது சத்தம் கேட்கிறதா?

இப்படிக்கு,
முனவ்வறா

*

வயல் வாடி,
2024.12.24

முனவ்வறாவுக்கு,

ஸலாம். மீன் நன்றாக இருந்தது. சம்பல் நளீமுக்கும் கொடுத்தேன், ஒரு கரண்டி.

கனவு செப்டம்பரிலிருந்து வருகிறது. சத்தம் கேட்கிறதா என்று நீ கேட்டது எனக்குப் புதினமாக இருந்தது. ஓம், கேட்கிறது. ஏதோ ஒரு பித்தளைச் சாமான் உருண்டுகொண்டே போகிற சத்தம். காது கேட்காதவனுக்குக் கனவில் மட்டும் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது.

ஸுபஹு தொழுகைக்குப் பிறகு இரண்டு யானைகள் வந்தன. பனிமூட்டத்துக்குள் முதுகுகள் மட்டும் தெரிந்தன, இரண்டு மலைகள் மிதந்து வருகிற மாதிரி. எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். பிறகுதான் பயிர் நினைவு வந்தது. மேலே ஒரு வெடி வைத்தேன். மலைகள் திரும்பிப் போயின. இந்தத் துவக்கு இல்லாவிட்டால் நம்முடைய ஐந்து ஏக்கருக்கு யார் பொறுப்பு? கச்சேரியா?

கிராம சேவகர் ஸிராஜ் வாடிக்கு வந்தார். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்து கத்திச் சொன்னார்: "பயப்படாதீங்க காக்கா, பார்த்திட்டுத் தந்திருவாங்க."

"தொண்ணூறிலயும் இந்தச் சொல்லத்தான் சொன்னாங்க," என்றேன்.

போகும்போது வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார். இந்த வட்டாரத்தில் துவக்கு வைத்திருக்கிற பதினொரு பேரில் என்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்களாம். எனக்கு எதிராக யாரோ மனு எழுதியிருக்கிறார்கள். யாரென்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. போன போகத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக என்னோடு சண்டை பிடித்த பக்கத்து வயல் றிஸ்வான்தான். நேற்று வரம்பில் வைத்து நான்கு பேருக்கு முன்னால் கேட்டேன். "அல்லாஹ் மேல ஆணை, நான் இல்ல" என்றான். நம்பவில்லை. நீயும் ஊரில் விசாரித்துப் பார்.

எண்ணெய்ச் சீலை வாங்கி வைத்திருக்கிறேன். புதைக்கிற இடமும் பார்த்துவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஆதம்பாவா

*

சாய்ந்தமருது,
2025.01.02

என் மச்சான்,

றிஸ்வானை விட்டுவிடுங்கள். அவர் பாவம். அந்த மனு என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து வாசியுங்கள்.

செப்டம்பரில் ஒருநாள் ஸுபஹு பாங்குக்குக் கொஞ்சம் முந்தி, வுழூ எடுத்துவிட்டுச் செம்பும் கையுமாக அறை வாசலுக்கு வந்தேன். தொழுகைக்கு வெள்ளை உடுத்தியிருந்தேன். நீங்கள் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தீர்கள். கையில் துவக்கு. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைக் காணவில்லை. "ஆரு?" என்று கேட்டீர்கள். "நான்தான் மச்சான்" என்றேன். உங்களுக்குக் கேட்கவில்லை. உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கலியாணம் முடித்து முதல் தடவை. அதுவும் கேட்கவில்லை.

"காக்காவத் தொடாத" என்றீர்கள்.

விரல் விசைக்குள் போவதைக் கண்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செம்பு கையை விட்டு உருண்டுபோனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நீங்கள் துவக்கைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, சின்னப் பிள்ளைபோல் சுருண்டு படுத்தீர்கள். நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து தொழுதேன்.

விடிந்ததும், முதல் நாள் யானைக்காக நிரப்பிய தோட்டாவைத் துவக்கிலிருந்து எடுத்து மேசையில் வைத்தீர்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுவந்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன். "சீனி காணாது" என்றீர்கள். போட்டேன்.

மச்சான், அது கனவல்ல. வாசலில் நின்றது நான்.

சொன்னால் உங்களால் தாங்க முடியாது என்று நினைத்தேன். காக்காவை இழந்த மனுஷனிடம் இதை எந்த வாயால் சொல்வது? துவக்கு மட்டும் வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தேன். நீங்களும் அதோடு போவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு நளீம் விடியலில் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேர்ட்டுமாக வாடிக்குப் புறப்படுவதை ஒருநாள் பார்த்தேன். அவனுக்கும் அப்படி நீட்டிவிடுவீர்களோ என்று அன்றுதான் கச்சேரிக்கு எழுதினேன். என்ன காரணம் என்று எழுதவில்லை. "வீட்டாருக்குப் பயமாக உள்ளது" என்று மட்டும் எழுதினேன்.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் புதைக்க வேண்டாம்.

முனவ்வறா

*

சாய்ந்தமருது,
2025.01.17

மச்சான்,

இரண்டு கிழமையாக நளீம் வெறுங்கையோடு வருகிறான். என் கடிதத்தை வாங்கி, வாசித்து, மடித்து, வரம்பில் போய் நின்றீர்களாம். மீன் சட்டி மூடியைக்கூடத் திறக்கவில்லையாம்.

திட்டியாவது எழுதுங்கள். வெறும் தாளை அனுப்பினாலும் போதும்.

முனவ்வறா

*

வயல் வாடி,
2025.02.01

முனவ்வறாவுக்கு,

ஸலாம். பிந்தி எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தக் காலையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வருவதில்லை. தோட்டாவை மேசையில் வைத்தது நினைவிருக்கிறது. சீனி காணாது என்றது நினைவிருக்கிறது. அதற்கு முந்தியது எல்லாம் பனிமூட்டம். உன் முகத்தை அதற்குள் தேடுகிறேன். இத்தனை வருஷமாக யாரை வரவிடக் கூடாது என்று துவக்கை வைத்திருந்தேனோ, அவனாகவே நான் உன் முன்னால் இருந்திருக்கிறேன்.

எண்ணெய்ச் சீலையை விரித்து, துவக்கைச் சுற்றி, புதைக்கப் பார்த்த இடத்துக்கு ஒருநாள் பின்னேரம் கொண்டும் போனேன். மண்வெட்டியோடு நின்றேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். நேற்று நளீமோடு போய்க் கச்சேரியில் கொடுத்தேன்.

மேசையில் பஹ்மிதா என்று ஒரு மகள் இருந்தாள். கல்முனைக்குடிப் பிள்ளை. ஏதோ கேட்டாள், எனக்குப் புரியவில்லை. தாளில் எழுதிக் காட்டினாள்: 'ஒப்படைப்பதற்குக் காரணம்?'

"தூக்கத்தில எண்ட பொஞ்சாதிக்கு நேர நீட்டிட்டன் மகள்," என்றேன்.

எனக்கு என் சத்தத்தின் அளவு தெரியாதே. கந்தோரில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடியும் எழுதிக் காட்டினாள்: 'வயது காரணம் என்று போடட்டா மாமா?'

"வேணாம். நான் சொன்னதையே போடுங்க."

போட்டாள். துண்டு ஒன்றும் தந்தாள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இதை எழுதாமல் விட முடியாது, முனவ்வறா. அரசாங்கத்தை நான் இன்றைக்கும் நம்பவில்லை. அவர்கள் கேட்டதற்காகக் கொடுக்கவில்லை. நீ கேட்டாய், கொடுத்தேன். ஆனால் என்னிடம் சொல்வதற்கு முந்தி அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டாயே. நான் செய்தது பெரிய பிழை. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சின்னது என்று தெரியும். தெரிந்தும் வலிக்கிறது.

றிஸ்வானிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தபடி நின்றான்.

இன்று காலையில் ஒற்றை யானை வந்தது. தகரத்தைத் தட்டினேன். எனக்கே கேட்கவில்லை. அது என்னைப் பார்த்தது, கதிரைப் பிடுங்கி நிதானமாகத் தின்றது, பிறகு தன் பாட்டில் போனது. அரை ஏக்கர் போயிருக்கும். ஏனோ எனக்குக் கோபம் வரவில்லை.

வீட்டுக்கு வா என்று எழுதுவாய். வர மாட்டேன். துவக்கு போய்விட்டது, கனவு போகவில்லை. கை என்னிடம்தான் இருக்கிறது. ஸப்னா இருக்கிற வீட்டில் எப்படிக் கண்ணை மூடுவேன்?

ஆதம்பாவா

*

சாய்ந்தமருது,
2025.02.07, வெள்ளி

அன்புள்ள மச்சான்,

ஸலாம். உங்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை. மாப்புத் தாருங்கள்.

வா என்று எழுத மாட்டேன்.

கல்முனையில் காது டொக்டருக்கு நம்பர் எடுத்திருக்கிறேன், அடுத்த புதன். உங்களைக் கூட்டிப்போகும்போது தூக்கத்தைப் பற்றியும் கேட்கச் சொல்லி, நடந்ததைப் பஸ்மிலாவிடம் முழுதாகச் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு எழும்பிப் போய் உங்களுக்கு வட்டிலாப்பம் அவித்தாள்.

வனஜீவராசிக் கந்தோருக்கு யானைவெடி வாங்கவும் போனேன். மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று, நான்கு இடத்தில் கையெழுத்து வைத்து, ஆறு கேட்டேன். இரண்டுதான் தந்தார்கள். "மத்ததுக்கு அடுத்த மாசம் வாங்க" என்றார்கள். அடுத்த மாதம் நெல் வெட்டு முடிந்துவிடுமே என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். இனி அரசாங்கத்தைத் திட்டும்போது என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டு முடியும்வரை இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேட்க, ஒருவர் பார்க்க. நீங்கள் கண்ணை மூடும் நேரத்தில் நான் றிஸ்வான் வீட்டார் வாடியில் இருப்பேன். அவர் மனைவியிடம் கதைத்துவிட்டேன், ஓம் என்றார். நீங்கள் எழும்பி முகம் கழுவிய பிறகு வருவேன். இப்படிக் கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம்.

பதில் எழுத வேண்டாம். நளீம் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் தரும்போது நான் வாய்க்கால் பக்கத்து வரம்பில் நிற்பேன். அவசரமில்லை, ஆறுதலாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, நான் யார் என்று தெரிந்தால் கையைக் காட்டுங்கள்.

வருகிறேன்.

உங்கள்,
முனவ்வறா