தலை தட்டி ஒரு தேக்கரண்டி

டீச்சர்,

இன்று காலை சமையலுக்கு நாள் முழுக்க வேண்டிய உப்பை அள்ளும்போது கரண்டியில் கொஞ்சம் குவிந்து நின்றது. கத்தியின் முதுகால் வழித்துவிட்டேன். மிச்சம் ஜாடிக்குள் விழுந்த சத்தத்தோடு உங்கள் குரலும் கேட்டது. "கோபுரம் கோயிலுக்குப் போதும். கரண்டிக்குத் தலை தட்டுங்க."

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. எழுமலையில் உங்களை அடக்கம் செய்த அன்று கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு முன்னால் வருவது? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் முதன்முதலில் உங்களைப் பார்க்க வந்த கதை உங்களுக்கே தெரியும். ஆனால் அதற்கு முந்திய கூத்து தெரியாது. ஆனையூர்ப் பக்கம் வீட்டுமனை புரோக்கர் நான், பத்தாவதோடு நின்றவன். என் மகள் தேன்மொழிக்குப் பதினொன்றாம் வகுப்பில் மனையியல் பிரிவு கிடைத்தது என்றதும், பட்டா, பத்திரம், நில அளவை எல்லாம் பள்ளியிலேயே சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். டீக்கடையில் ஆளைப் பிடித்துவைத்துச் சொன்னேன். "நம்ம தொழிலுக்கே படிப்பு வந்துருச்சு மாப்ள. எம்மக படிக்கிறா." இரண்டு வாரம் கழித்து, முளைகட்டிய கேழ்வரகைத் துணியில் முடிந்துகொண்டு அவள் பள்ளிக்குக் கிளம்பினாள். அப்போதுதான் விசாரித்தேன்.

"அப்பா, இது நீங்க விக்கிற மனை இல்ல. வீடு" என்றாள்.

அன்றைக்கே உங்களிடம் சண்டைக்கு வந்துவிட்டேன். "சோறாக்கப் படிக்கணும்னா அவ அம்மா பத்தாதா டீச்சர்?"

நீங்கள் கோபப்படவில்லை. "அவங்க அம்மா கைக்கணக்குல உப்புப் போடுறாங்கள்ல, அது எம்புட்டுன்னு கேட்டுட்டு வாங்க தேன்மொழி அப்பா. பெறகு பேசுவோம்."

வீட்டில் கேட்டேன். "போடுற அளவுதான். இன்னைக்கு என்ன புதுசா?" என்றாள் என் மனைவி. மறுநாள் அதையே உங்களிடம் வந்து ஒப்பித்தேன். சிரித்துவிட்டு என்னை ஆய்வகத்துக்குள் கூட்டிப்போனீர்கள். ஒரு தராசு, நாலு கேஸ் அடுப்பு, துணி வகைகளை ஒட்டிவைத்த அட்டை, குளிப்பாட்டிப் பழகக் கைக்குழந்தை அளவில் ஒரு பொம்மை. உங்கள் டீச்சர் காலத்தில் கரி அடுப்பு, நீங்கள் படிக்கும்போது பம்ப் ஸ்டவ் என்றீர்கள். படியளவிலிருந்து கிராமுக்கு மாறிய கதையையும் சொன்னீர்கள். அன்று நீங்கள் சொன்ன ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது.

"அந்தக் காலத்து அப்பாமாரு இது சமையல் படிப்புன்னு நம்பித்தான் பொண்ணுகளப் படிக்க அனுப்புனாங்க. நாங்க உள்ள கூட்டிவச்சு வேதியியல் நடத்துனோம். இப்ப உள்ள அப்பாமாரு சமையல்னு நம்பித்தான் அனுப்ப மாட்டேங்குறாங்க."

மறு வருடம், தேன்மொழி பன்னிரண்டாவது படிக்கும்போது, அந்தப் பிரிவையே மூடப் போவதாகப் பேச்சு வந்தது. பெற்றோர் கூட்டத்தில் நாலு பேர் எழுந்து கேட்டால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். "சண்டைக்கு வந்த நீங்களே பேசுனா எடுபடும்."

"கட்டாயம் வாரேன் டீச்சர்" என்றேன்.

வந்தேன். அது உங்களுக்குத் தெரியாது. பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பள்ளி வாசலில் எனக்குத் தெரிந்த ரெண்டு பேர் நின்றார்கள். இருவர் பிள்ளைகளும் கணினிப் பிரிவு. "அண்ணே, உங்க பொண்ணு எந்த குரூப்பு?" என்று ஒருவர் கேட்டார். மனையியல் என்று சொல்ல வெட்கப்பட்டு வண்டியைத் திருப்பிவிட்டேன். 'பரவையிலிருந்து மனை பார்க்கப் பார்ட்டி வந்துட்டாங்க டீச்சர்' என்று உங்களுக்குப் போனில் சொன்னேன். பார்ட்டி யாரும் வரவில்லை. "பரவாயில்ல தேன்மொழி அப்பா, தொழில் முக்கியம்ல" என்றீர்கள். அன்று நீங்கள் திட்டியிருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

யாருமே எழுந்து பேசவில்லையாம். பிரிவை மூடினார்கள். நீங்களும் ஓய்வுபெற்று எழுமலைக்குப் போய்விட்டீர்கள். போகும்முன் ஒரு எவர்சில்வர் அளவுக்கரண்டியைத் தேன்மொழியிடம் கொடுத்தனுப்பினீர்கள்.

அவள் இப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உணவு எழுதிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். அவள் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. அடுப்படியில் நிற்க முடியாது. சோறாக்க ஒரு படிப்பா என்று கேட்டவன்தான் இப்போது சோறாக்குகிறேன். மகள் எழுதித்தந்த தாள் சுவரில் இருக்கிறது: இருவருக்கும் சேர்த்து நாள் முழுக்க உப்பு, தலை தட்டி ஒரு தேக்கரண்டி. ஒருமுறை ருசிக்காகக் கொஞ்சம் கூடப் போட்டேன். மறுநாள் என் மனைவிக்குக் கால் வீங்கிவிட்டது. கோபுரத்தின் கனம் அன்றுதான் தெரிந்தது, டீச்சர்.

உங்கள் ஆய்வகத்தில் இப்போது உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்களாம். அந்தப் பொம்மை எங்கே போனதோ.

மகள் என்ன படித்தாள் என்று யாராவது கேட்டால், 'ஆஸ்பத்திரி வேலை' என்று இத்தனை நாள் மழுப்பிவந்தேன். போன வாரம் டீக்கடையில் ஒருவன் கேட்டான். "மனையியல்" என்றேன்.

"பிளாட் யாவாரத்துக்கெல்லாமாண்ணே படிப்பு இருக்கு?"

"இல்ல மாப்ள. உக்காரு, சொல்றேன்."

அன்று கூட்டத்துக்காகத் தாளில் எழுதிவைத்திருந்ததை ஒரு வரி விடாமல் சொன்னேன். அவன் டீ ஆறிப்போய்விட்டது. வருகிறேன் என்று உங்களிடம் சொன்னவன் வந்து சேர இத்தனை வருடம் ஆகிவிட்டது, டீச்சர்.