கிழிந்துபோன பத்துப் பக்கங்கள்

அன்புள்ள என் கணவருக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். மணி ஒன்றரை. பிள்ளை இப்போதுதான் தூங்கினான். காலைத் தபாலைத் தவறவிட்டால், சிறையில் உங்களைப் பார்க்க விடும் இருபதாம் தேதிக்குள் உங்கள் பதில் எனக்குக் கிடைக்காது. கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் வார்டர் ஐயாவுக்கும் வணக்கம். தயவுசெய்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

நாங்கள் நலம். அவனுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது, கீழே இரண்டு பல். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். அப்பீல் தேதி இன்னும் வரவில்லை என்கிறார் வக்கீல்.

'பிள்ளையைக் கூட்டிட்டு வராதே, போட்டோவும் வேண்டாம்' என்று எழுதியிருந்தீர்கள். காரணம், சிறை நூலகத்தில் எடுத்த ஒரு கடற்கொள்ளையர் நாவல்! இரண்டு நாள் கோபத்தில் உங்களைத் திட்டிக்கொண்டே துணி துவைத்தேன். பிறகு அப்படி என்னதான் இருக்கிறது என்று பொது நூலகத்தில் போய்க் கேட்டேன். "யாருக்கும்மா, பையனுக்கா? எத்தனாவது படிக்கிறான்?" என்றார் நூலகர் அம்மா. எட்டு மாசம் ஆகுது என்றேன். சீல் குத்தப்போன கை அப்படியே நின்றுவிட்டது.

படித்தேன். பதினேழு வயதுப் பெண் கேப்டன். அந்தக் கடலில் ஒரு விதி: கொல்லப்பட்டவன், கொன்றவரின் பிள்ளையாகவே வந்து பிறப்பான். பீரங்கிக்கு அஞ்சாத கொள்ளைக்காரர்கள் தொட்டிலைக் கண்டால் நடுங்குகிறார்கள். அவள் எதிரி ஒருவனைக் கோடரியால் கழுத்தில் வெட்டுகிறாள். ரத்தத்தில் கால் வழுக்கி அவன் மேலேயே விழுகிறாள். பல வருடம் கழித்து அவளுக்குப் பிறக்கும் மகனின் கழுத்தில் அதே இடத்தில் சிவப்புத் தழும்பு.

அங்கே உங்களுக்கு, நம் பிள்ளையின் பிடரியில் இருப்பதாக நான் எழுதியிருந்த சிவப்புக் குறி நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஐஸ் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அன்று நான் பார்த்ததை உங்களிடம் சொன்னதேயில்லை. உங்களோடு வேலை பார்த்த நெட்டையர் ஐஸ் கட்டிகள் மேல் கவிழ்ந்து கிடந்தார். பிடரியில், ஐஸ் கட்டி இழுக்கும் உங்கள் கொக்கி. ரத்தம் ஐஸைத் துளைத்துக்கொண்டு ஆவி பறக்க இறங்கியது. உங்கள் கை இன்னும் பிடியை விடவில்லை. ஒரு ஷிப்டு மாற்றிய தகராறுக்காக! இவன் வயிற்றில் இருப்பது அன்று எனக்கே தெரியாது.

அந்தச் சிவப்பு பல குழந்தைகளுக்கு இருப்பதுதான், தானே மறையும் என்கிறார் டாக்டர். ஆனாலும் போன செவ்வாய்க்கிழமை பால் குடிக்கும்போது அவன் கடித்தான். ரத்தம் வந்துவிட்டது. அவனைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன், நெட்டையரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டு. அழுது அழுது நீலம் பாரித்துவிட்டான். அம்மா ஓடிவந்து தூக்கி, "பெத்தவளாடி நீ? பேயா?" என்றார்.

கதையின் கடைசி வரி என்று நீங்கள் எழுதியது, 'மகன் கத்தியோடு அவள் மேல் குனிந்தான்' என்பது. அது 212ஆம் பக்கம். என் கையில் இருக்கும் பிரதி 222 வரை போகிறது. உங்களுடையதில் யாரோ கிழித்திருக்கிறார்கள், ஏதாவது பொட்டலம் மடிக்க. அட்டையை நன்றாக விரித்துப் பாருங்கள், கிழிந்த ஓரம் தெரியும்.

அந்தப் பத்துப் பக்கத்தையும் கையால் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பொறுக்கமுடியாமல் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கலகக்காரர்கள் அவளைக் கட்டிப்போட்டிருந்தார்கள் இல்லையா, அவன் அந்தக் கயிற்றைத்தான் அறுக்கிறான். அவனுக்கு எதுவும் மறக்கவில்லை. கோடரி எவ்வளவு சில்லென்று இருந்தது என்று அவளிடமே சொல்கிறான். மன்னித்தேன் என்று கடைசிவரை சொல்லவில்லை. பசிக்கிறது என்கிறான். அவள் எழுந்து, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று தேடப் போகிறாள். அவ்வளவுதான்.

புதன்கிழமையிலிருந்து நானும் அதைத்தான் செய்கிறேன். அழுதால் தூக்குகிறேன், கடித்தாலும் கொடுக்கிறேன். என்னால் தனியாக முடியவில்லை.

வார்டர் ஐயா, பத்துப் பக்கமும் அவர் கைக்குப் போகட்டும். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

இருபதாம் தேதி அவனைக் கொண்டுவரட்டுமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.