அண்ணி, உங்கள் குதிரையை நான் என்ன செய்ய?

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்து நான் எழுதும் அண்ணிக்கு,

நிம்மதியாகப் போய்விட்டீர்கள். உங்கள் பூத்தையல் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டு! போதாததற்கு அந்தக் குதிரையையும்.

நம் மலைக்கிராமம் போளூருக்கு இன்னும் ரோடு வரவில்லை. பூண்டு வியாபாரி ராவுத்தர் புதன்கிழமை தவறாமல் பொதிக்குதிரையோடு பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். "டீச்சரம்மா வரச் சொன்னாங்க. வேணாம்னு யாரும் சொல்லலையே" என்கிறார். எந்த முகத்தோடு நான் போகச் சொல்வது? குதிரை வேலியோரத்து டேலியாப் பூக்களை மேய்கிறது. தலைமையாசிரியை என்னை முறைக்கிறார்.

"குதிரை வேடிக்கை போதும். பிள்ளைங்க சொந்தமா ஒரு டிசைன் போடட்டும். இல்லேன்னா இந்த வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். கணக்கு வாத்தியார் அறையை வந்து பார்த்துவிட்டே போய்விட்டார்.

சரி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: 'சமநிலை என்பது இரு பக்கமும் கண்ணுக்கு ஒத்த கனமாகத் தோன்றுவது.' ஒப்பித்தார்கள். தலையணை உறையில் எல்லோரும் இந்தப் பக்கம் ஒரு ரோஜா, அந்தப் பக்கம் அதே ரோஜா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் எதையும் விளக்க மாட்டீர்கள், செய்துகாட்டுவீர்கள். பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கு என்ன தெரியும், அண்ணி?

வேறு வழியில்லாமல், குதிரையை ஏன்தான் வரச் சொன்னீர்கள் என்று பார்த்துவிடலாமென்று, போன புதன்கிழமை பிள்ளைகளை வாசலுக்குக் கூட்டிப் போனேன். ராவுத்தர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு பக்கம் பூண்டு மூட்டை, மறுபக்கம் அதே அளவில் உருளைக்கிழங்கு மூட்டை என்று நானே கட்டினேன். கண்ணுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. குதிரை நகர்ந்ததும் பொதி வயிற்றுப் பக்கம் சுழன்று, கிழங்கெல்லாம் சரிவில் உருண்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு உங்களுக்கே கேட்டிருக்கும்.

போளூர்ச் செல்விதான் கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே, "கெழங்கு கனம்ல டீச்சர். பூண்டு பெருசாக் கெடந்தாலும், இந்தப் பக்கம் கொஞ்சம் போதும்ல" என்றாள். அப்படியே கட்டினார்கள். ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது. குதிரை நேராக நடந்தது.

செல்வி உள்ளே ஓடி, தன் உறையில் ஒரு ரோஜாவைப் பிரித்துப் போட்டாள். அந்த இடத்தில் ஒரு சின்ன மொட்டு. அடர்ந்த சிவப்பு, நெருக்கமான தையல். மறுபக்கம் வெளிறிய பெரிய ரோஜா அப்படியே இருந்தது. தலைமையாசிரியை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வகுப்பு இருக்கட்டும். குதிரை மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கட்டும்" என்றார்.

ஜெயித்துவிட்டீர்கள். ஆனால் வீட்டில்? அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார். மாலை போட்ட உங்கள் படத்துக்குக் கீழே இருக்கும் உங்கள் நாற்காலியை நகர்த்த விடுவதில்லை. ஒரு பக்கத்து மூட்டையை மட்டும் இறக்கிவிட்டுப் போனால் நாங்கள் எப்படி நேராக நடப்பது? இதையும் செய்துகாட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

புதன்கிழமை வகுப்பை விட மாட்டேன். இந்த வாரம் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போகிறேன். மறுபக்க மூட்டையைப் பிடிக்க ஆள் வேண்டுமே.

கோபம் தீராத உங்கள் நாத்தனார்,
சரோஜா
கொடைக்கானல்